ஏரிக்கரை ஏற்றத்தில் மூச்சு முட்டிய வண்டி

என் பிக்அப் வண்டிக்கு மூச்சு முட்டத் தொடங்கிய அந்த வாரத்தில், வண்டியைவிட எனக்குத்தான் அதிகமாக முட்டியது. வண்டியாவது ஏற்றத்தில் மட்டும் திணறியது. நான் சமதரையில் திணறினேன், உட்கார்ந்தபடி திணறினேன், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்கூடத் திணறினேன்.

டீசல் வண்டி. வேறொருவர் ஓட்டிக் களைத்த பிறகு என் கைக்கு வந்தது. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் எனக்குத் தரம் பிரிக்கிற வேலை. பதப்படுத்தி முடித்த தோலை மேசையில் விரித்து, தடவி, மடக்கி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று தள்ளிவிட வேண்டும். ஓய்வு நாட்களில் வண்டியில் எது கிடைத்தாலும் ஏற்றுவேன். தோல் கட்டு, அட்டைப் பெட்டி, கல்யாண வீட்டு அண்டா. ஒருமுறை ஒரு கல்யாண மாப்பிள்ளையையே ஏற்றியிருக்கிறேன், அவர் வந்த கார் பாலாற்றுப் பாலத்தில் நின்றுபோனதால். அப்போதெல்லாம் வண்டி நன்றாக இழுத்தது. நின்றுபோன கார்க்காரரைப் பார்த்து, "ஊர்ல இருக்குறது எல்லாம் வண்டியா?" என்று சிரித்தவன் நான். அந்தச் சிரிப்பை அந்த வாரத்தில் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் கூடும், வேகம் கூடாது. ஒரு அளவுவரை ஒழுங்காகப் போகும். அதற்கு மேல் மிதித்தால் யாரோ பின்னால் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். சைலன்சரிலிருந்து கருப்பாகப் புகை வரும். காலை எடுத்துவிட்டால் ஒன்றும் தெரியாதது போல மறுபடி நல்ல பிள்ளையாகிவிடும்.

வேறு எந்த வாரமாக இருந்தாலும் இதை ஒரு ஜோக்காக மாற்றி டீக்கடையில் விற்றிருப்பேன். அந்த வாரம் முடியவில்லை. காரணம் என் மனைவி.

அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். பிறகு அந்த வரிசைக்கே சூப்பர்வைசர் ஆனாள். அதையும் விட்டுவிட்டு, ஆலங்காயம் பக்கத்தில் அவள் பிறந்த ஊரில் ஒரு தகரக் கூரைக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, மெஷின்களை வாங்கிப் போட்டு, ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட் ஒன்றைத் தொடங்கியிருந்தாள். 'அப்பர்' என்போம் அதை. எட்டுப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அதுவரை விடிவதற்கு முன் எழுந்து கம்பெனி பஸ்ஸைப் பிடித்து ஆம்பூருக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்பியவர்கள். இப்போது நடந்தே வேலைக்கு வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, தன் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவதைத் தான் இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னாளாம். அதைச் சொல்லும்போது என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலை அவர்களுக்குச் சோதனையாக ஒரு சின்ன ஆர்டர் கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஷிப்ட் முடிவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களின் சார்பில் சரக்கைச் சோதிப்பவர் அன்று வந்திருப்பார். பார்த்து, சரி என்றால் தொடர்ந்து வேலை வரும். சேர்க்காவிட்டால் அந்த வேலை, ஏற்கெனவே வாசலில் நிற்கும் வேறொரு யூனிட்டுக்குப் போய்விடும். சரக்கைக் கொண்டுபோகும் பொறுப்பை நான்தான் நெஞ்சை நிமிர்த்தி ஏற்றுக்கொண்டேன். "நம்ம வண்டி இருக்கும்போது இன்னாத்துக்கு வெளி வண்டி?" என்று கேட்டவன் வேறு யாருமில்லை.

எனவே வண்டி திணறியதும் ஊரையெல்லாம் கேட்டேன். முடி வெட்டுகிறவர், "டீசல்ல தண்ணி கலந்துருச்சு" என்றார். என் கழுத்தில் கத்தி இருந்ததால் ஒப்புக்கொண்டேன். டீக்கடைக்காரர் கிளட்ச் என்றார். எங்கள் கம்பெனி வாட்ச்மேன் மட்டும் வண்டியைச் சுற்றி வந்து, கண்ணை மூடி, ஒரே வார்த்தை சொன்னார்.

"டர்போ."

அவ்வளவுதான். அந்த வார்த்தை என் தலைக்குள் குடி வந்துவிட்டது. டர்போ என்றால் என்ன என்று எனக்குச் சரியாகத் தெரியாது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற விசிறி மாதிரி ஒன்று, போனால் பெரிய செலவு, அவ்வளவுதான் தெரியும். செல்போனில் வீடியோ பார்த்தேன். இந்தியில் பேசினார்கள். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் கடைசியில் அந்த மெக்கானிக் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். அது எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

வாணியம்பாடியில் என் மெக்கானிக் இருக்கிறார். நான் பாய் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். பல வருடப் பழக்கம். வண்டியை அவர் கடையில் நிறுத்தி, டர்போ போய்விட்டது என்று நானே தீர்ப்பு வாசித்தேன்.

"டாக்டர் நீங்களா, நானா?" என்று கேட்டுக்கொண்டே பானெட்டைத் தூக்கினார். டீசல் ஃபில்டரை மாற்றினார். ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காற்றடித்துத் தட்டினார். அதிலிருந்து வந்த தூசியில், கம்பெனியில் தோலைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் பாதி இருந்தது. எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"நல்லாத்தான அண்ணே கீது?"

"உன் முன்னாடி நடிக்குது பாய். ரோட்ல வந்து பாரு."

தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தார். தெருவில் மாட்டு வண்டியும் ஆட்டோவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும். மிதிப்பதற்கு இடமே இல்லை. வண்டி தங்கமாக நடந்து திரும்பியது. பாய் சாவியை என் கையில் வைத்தார்.

"பேஜார் ஆவாதீங்க. வண்டிக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் ப்ரஷர் ஜாஸ்தியா கீது."

வெள்ளிக்கிழமை மதியம். கம்பெனிக்கு லீவு போட்டிருந்தேன். கொட்டகைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பிளாஸ்டிக் கூடைகளில் அடுக்கிய அப்பர்களை ஏற்றித் தார்ப்பாய் கட்டினோம். எட்டுப் பெண்களும் வாசலில் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி மட்டும், "அண்ணா, பாத்து ஓட்டுங்க" என்றாள். நான் சினிமாக் கதாநாயகன் மாதிரி சல்யூட் அடித்தேன். என் மனைவி பக்கத்து சீட்டில் ஏறி, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டாள்.

அந்த ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர ஏரிக்கரை ஒன்றை ஏறி இறங்க வேண்டும். பெரிய மலையெல்லாம் இல்லை. சைக்கிளில் போகிறவர்கள் இறங்கித் தள்ளுகிற அளவு ஏற்றம். பாதி ஏறியதும் வண்டி தன் வேலையைக் காட்டியது. மிதித்தேன். கத்தியது. இன்னும் மிதித்தேன். பின்னால் கரும்புகை ஒரு துணியை விரித்த மாதிரி எழுந்தது. முதல் கியர் போட்டேன். நடுங்கி, இருமி, நின்றே போனது. ஹேண்ட்பிரேக் போட்டு, இறங்கிக் கல் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டு மந்தை எங்களைத் தாண்டி மேலேறிப் போனது. ஆடு மேய்க்கிற அம்மா வண்டியையும் என்னையும் பார்த்துவிட்டு, ஆடுகளை ஓரமாக ஓட்டினாள். பொறுப்பான பெண்மணி. அவ்வளவு பதற்றத்திலும் என் கண் சும்மா இருக்கவில்லை. கடைசியாகப் போன வெள்ளாட்டின் முதுகு முழுக்க உண்ணிக் கடி. 'மூணாம் தரம்' என்று மனசு முத்திரை குத்தியது.

அப்புறம் என் பதற்றம் முழு வீச்சில் புறப்பட்டது.

"போச்சு! டர்போ போச்சு! நான் அன்னிக்கே சொன்னேன், அந்த பாய் கேக்கல. இப்ப இன்னா பண்றது? டிராக்டர் யார்கிட்டயாச்சும் இருக்குதா? பஸ்ல கூடைய ஏத்துவானா? நாம தலையில தூக்கிகினு நடக்கலாமா?"

"ஆம்பூருக்கா?" என்றாள் அவள்.

"வாணியம்பாடி வரைக்குமாச்சும்."

"நீ நட. நான் வண்டில வர்றேன்." அவள் இன்னும் சீட்டைவிட்டு இறங்கவே இல்லை. கையைப் பைமேல் வைத்தபடி இருந்தாள். விரல்கள் பையின் பிடியை முறுக்கிக்கொண்டிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். "கத்துனா ஏறுமா இது? பாய்க்கு போன் போடுய்யா."

போட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததை நான் சொன்ன விதத்தைக் கேட்டால் எங்கள் வண்டி ஏரிக்குள் விழுந்துவிட்டது என்றே யாரும் நினைத்திருப்பார்கள். பாய் முடியும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணே, ஒரே ஒரு கேள்வி. பொகை இன்னா கலரு?"

"கருப்பு. எங்க கம்பெனி கருப்புத் தோல் மாதிரி நல்ல கருப்பு."

"அப்ப டீசல் வருது. காத்துதான் வரல. எரியறதுக்குப் பத்தாம பொகையாப் போவுது. ஃபில்டர் நான் பாத்துட்டேன், சுத்தம். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல தடியா ஒரு ரப்பர் ஹோஸ் போவும் பாருங்க, கருப்பா, வளைஞ்சி. அங்க எங்கயாச்சும் அடைக்குதான்னு பாக்கணும்."

பானெட்டைத் தூக்கினேன். ஹோஸ் நன்றாகத்தான் இருந்தது. வெடிப்பில்லை, ஒடுக்கில்லை. புதுசு மாதிரி மினுமினுத்தது.

"நல்லா கீது பாய்."

"நிக்கும்போது நல்லாத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் பாத்து ஏமாந்தேன். எஞ்சின் காத்த இழுக்கும்போது பாக்கணும். ஒருத்தர் மிதிக்கணும், ஒருத்தர் கை வெச்சுப் பாக்கணும். விசிறி கிட்ட கை போவாம பாத்துக்கோங்க. அண்ணி இருக்காங்க இல்ல?"

அண்ணிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இதை நான் சொல்வதற்குள் அவள் இறங்கி, சுற்றி வந்து, டிரைவர் சீட்டில் ஏறிவிட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெடலைக் காலால் தேடினாள்.

"எது?"

"வலது பக்கம் இருக்குறது. கியர் நியூட்ரல்ல இருக்குது. மெதுவா, கொஞ்சங் கொஞ்சமா..."

"மோட்டார் மெஷின் பெடல நான் மிதிச்சதில்லையா? நீ போய் கைய வை."

எஞ்சின் பிடித்தது. அவள் மிதிக்கத் தொடங்கினாள். இந்த வண்டியிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. என் கால் மிதித்தால் உதைக்கும், இல்லாவிட்டால் தூங்கும். அவள் காலோ தோலின் ஓரத்தில் ஊசியை நடத்திப் பழகிய கால். ஒரே சீராக, நூல் பிடித்த மாதிரி, சத்தம் மேலேறியது. நிறுத்து என்றால் அந்த இடத்திலேயே நின்றது. கொஞ்சம் குறை என்றால் அந்தக் கொஞ்சம் மட்டும் குறைந்தது.

நான் ஹோஸின் மேல் கை வைத்திருந்தேன். வெளிப்பக்கம் அப்படியே உருண்டையாக இருந்தது. ஆனால் உள்ளே ஏதோ படபடத்தது. பூச்சி ஒன்று மாட்டிக்கொண்டு சிறகடிக்கிற மாதிரி. அவள் இன்னும் கொஞ்சம் மிதித்தாள். படபடப்பு சட்டென்று நின்றது. எஞ்சின் அடித்தொண்டையில் முனகியது. பின்னால் புகை கருத்தது. காலைத் தளர்த்தினாள். மறுபடி படபடப்பு.

"நிறுத்து" என்றேன்.

எஞ்சின் நின்றதும் ஹோஸைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து உள்பக்கமாக மடக்கினேன். யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை செய்கிற அசைவு அது, விரல்கள் தாமாகச் செய்தன. தோலைத் தரம் பார்க்கும்போது முகப்பை, அதாவது வழவழப்பான மேல்பக்கத்தை, உள்ளே வைத்து மடக்குவோம். நல்ல தோலில் மெல்லிய சுருக்கம் விழும், விட்டதும் மறையும். கெட்ட தோலில் மேல்படலம் அடிச்சதையை விட்டுப் பிரிந்து, தடித்த மடிப்பாகத் திரளும். விரலுக்கடியில் இரண்டு தோல் தனித்தனியாக வழுக்கும். மேலே பட்டுப்புடவை மாதிரி பளபளப்பு, உள்ளே பிடிப்பு கிடையாது. அதை 'லூஸ்' என்று ஒதுக்கிவிடுவோம். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, பிடித்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

இந்த ரப்பரும் அதேபோல் வழுக்கியது. வெளிப்படலம் ஒரு பக்கம், உள்படலம் ஒரு பக்கம்.

"இன்னாய்யா, சத்தத்தையே காணோம்?" என்று உள்ளிருந்து அவள் குரல் வந்தது. "மயக்கமா?"

உண்மையில் அப்போதுதான் நான் வாயை மூடியிருந்தேன். கைக்கு வேலை கிடைத்ததும் வாய் தானாக நின்றுவிட்டது. இது என் வாழ்க்கையில் அடிக்கடி நடப்பதில்லை.

"லூஸ்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். வண்டிக்கு இன்னான்னு சொல்லு."

சீட்டுக்கடியிலிருந்து திருப்புளியை எடுத்து, இரண்டு பக்கமும் கிளிப்பைத் தளர்த்தி, கையைச் சுட்டுக்கொண்டு, ஊதிக்கொண்டு, மறுபடி சுட்டுக்கொண்டு, ஹோஸைக் கழற்றினேன். உள்ளே எட்டிப் பார்த்தால், உள்படலம் ஒரு பக்கமாகப் பிரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. எஞ்சின் மெதுவாக இழுக்கும்போது அது ஓரமாக ஆடும். பலமாக இழுத்தால் அப்படியே உறிஞ்சப்பட்டு வாயை மூடிக்கொள்ளும். வண்டியை நிறுத்திப் பார்த்தால் மறுபடி படிந்து, ஒன்றும் தெரியாத மாதிரி கிடக்கும். ஒரு வாரமாக என்னை ஆட்டிவைத்தது ஒரு ரப்பர் நாக்கு. என் நாக்கைச் சொல்லவில்லை.

பாயிடம் சொன்னதும், "சபாஷ்!" என்று கத்தினார். "அந்தப் படலத்த மொத்தமா உரிச்சு எடுத்துருங்க. வெளி ரப்பர்ல துணி வெச்சிருப்பான், மெதுவா ஓட்டுனா தாங்கும். நான் வேற ஹோஸ் ஏற்பாடு பண்ணி வெக்கிறேன். ஆனா ஒண்ணு அண்ணே, ஒரு துண்டுகூட உள்ள விட்டுராதீங்க. டர்போவுக்குள்ள போச்சுன்னா, அப்ப நிஜமாவே 'டர்போ போச்சு'ன்னு அழலாம்."

என் மனைவி கைப்பையைத் திறந்து, நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரியை நீட்டினாள். வாங்கப்போன என் விரல்கள் சூட்டில் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு, நீட்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"நீ பிடிச்சுக்கோ. நான் வெட்டுறேன்."

ஹோஸை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். எங்கே பிடிப்பு விட்டிருக்கிறது என்று விரலால் தடவிக் காட்டினேன், அவள் அந்த விளிம்பு வழியாகவே வெட்டினாள். உரித்தெடுத்த துண்டுகளை அவள் முந்தானையில் போட்டு, பிறகு பானெட்டின் ஓரத்தில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தோம். வெட்டிய தோல் பீஸ்களைச் சேர்த்துப் பார்க்கிற மாதிரிதான். எல்லா விளிம்பும் கூடியது. எதுவும் குறையவில்லை. உள்ளே விரலை விட்டுச் சுற்றித் தடவினேன். வழுவழுப்பில்லை, ஆனால் பிடிப்பு இருந்தது.

"எந்தத் தரம்?" என்று கேட்டாள்.

"ரெண்டு. இன்னிக்கு ரெண்டாம் தரம் போதும்."

மாட்டினேன். கிளிப்பை முறுக்கினேன். கல்லை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்து, பெடலில் காலை வைத்தேன்.

"ஒதைக்காத" என்றாள்.

அவள் மிதித்த சத்தத்தை நினைத்துக்கொண்டு, அதே மாதிரி கொஞ்சங் கொஞ்சமாக மிதித்தேன். வண்டி ஒருமுறை மூச்சிழுத்து, ஏறியது. கரைமேல் வந்ததும் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் தென்னை. புகை இருந்தது, ஆனால் பின்னால் வருகிறவரின் முகம் தெரிகிற அளவு மெலிந்திருந்தது. மெயின் ரோடு வரைக்கும் நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. வாணியம்பாடி தாண்டி ஆம்பூர் நெடுஞ்சாலையில் லாரிகள் எங்களை முந்திக்கொண்டு போனபோதும் ஆத்திரப்படவில்லை. அவள் ஒரு தடவை திரும்பித் தார்ப்பாயைப் பார்த்தாள், ஒரு தடவை என் காலைப் பார்த்தாள்.

தொழிற்சாலை வாசலில் ஷிப்ட் இன்னும் விடவில்லை. பெண்களை ஏற்றிப்போகும் பஸ்கள் வரிசையாக நின்று காத்திருந்தன. கூடைகளை இறக்கி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவளும் போனாள். டிரைவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. நான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

வண்டி சரியாகிவிட்டதால் பதற்றத்துக்கு வேறு வேலை வேண்டியிருந்தது. தையல் கோணியிருக்குமோ? ஏரிக்கரையில் குலுங்கியதில் அப்பர்கள் கசங்கியிருக்குமோ? சோதிக்கிறவர் மதியம் சாப்பிட்டாரோ இல்லையோ? பசியோடு தரம் பார்க்கிறவன் எப்படித் தள்ளுவான் என்று எனக்குத் தெரியும், நானே தள்ளியிருக்கிறேன். இறங்கி டயரை உதைத்துப் பார்த்தேன். டயர் நன்றாகத்தான் இருந்தது. ஷிப்ட் மணி அடித்து, பெண்கள் கும்பலாக வெளியே வந்து பஸ்களில் ஏறினார்கள். பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. வாசல் காலியானது.

கடைசியில் அவள் வந்தாள். அவள் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. சூப்பர்வைசர் முகம்.

"இன்னா சொன்னாங்க?"

"வண்டிய ரிவர்ஸ் எடுத்து அந்தப் பக்கமா கொண்டாந்து போடு."

"எந்தப் பக்கமா?"

"ஏத்துற பக்கம்யா."

அதற்குள் உள்ளேயிருந்து ஒருவர் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். அதில் வெட்டிய தோல் பீஸ்கள், கட்டுக் கட்டாக. பின்னால் இன்னொரு தள்ளுவண்டி.

"கொஞ்சம் ஜோடில நூல் இழுத்துகினு இருக்குதாம். அத மட்டும் பிரிச்சு தைச்சுக் குடுக்கணும்" என்றாள். பிறகு செல்போனை எடுத்துக் கொட்டகைக்குப் போட்டுக் காதில் வைத்தாள். "அலோ... ஆமா. ஆமான்றேன் இல்ல! நாளைக்குக் காலைல எல்லாரையும் வரச் சொல்லு." மறுமுனையிலிருந்து எழுந்த கூச்சலில் அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் முகம் அப்போதுதான் உடைந்தது.

நான் கட்டுகளை வாங்கி அடுக்கினேன். வழக்கம்போல மேல் கட்டிலிருந்து ஒரு பீஸை உருவி, முகப்பை உள்ளே வைத்து மடக்கிப் பார்த்தேன். மெல்லிய சுருக்கம் விழுந்து, விட்டதும் மறைந்தது. நல்ல தோல். வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

"ரொம்ப ஏத்துறாங்களே, ஏரிக்கரை ஏறுமா?" என்றேன்.

"பாய்க்கு போன் போட்டு, ஹோஸ் வந்துச்சான்னு கேளு" என்றபடி அடுத்த கட்டைத் தூக்கிக் கொடுத்தாள். "வர்லன்னா இங்கயே சொல்லு. பாதிய இன்னிக்கி எடுத்துகினு போலாம், பாதிய காலைல வந்து எடுத்துக்கலாம். இனிமே இங்க டெய்லி வரணும் நீ."